வயதான காலத்தில் கால் வலு: வீட்டிலேயே அளப்பது எப்படி, வீட்டிலேயே தேற்றுவது எப்படி

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நம் கரையோர ஊர்களில் அறுபதைத் தாண்டிய யாரைக் கேட்டாலும் சுகர் எவ்வளவு, பிரஷர் எவ்வளவு, எடை எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். நாற்காலியில் கையை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று கேட்டுப் பாருங்கள், முழிப்பார்கள். இன்னும் சில வருஷத்தில் தானாகக் கக்கூஸுக்குப் போய் வருவோமா, இல்லை கைத்தாங்கலாக யாராவது கூட்டிப் போகணுமா என்று முன்கூட்டியே கோடி காட்டுவது இந்த நாலாவது எண்தான்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காது. "தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன், அது போதும்" என்பவர்களே, நடை இதயத்துக்கு நல்லது, சுகருக்கும் நல்லது, விடாதீர்கள். ஆனால் தொடைக்கும் இடுப்புக்கும் வலு ஏற்ற நடை மட்டும் போதாது. துபாயிலிருந்து போன் போட்டு "நீங்க ஒரு வேலையும் செய்யாதீங்க அத்தா, ஆள் வச்சுக்கலாம்" என்று சொல்கிற பிள்ளைகளே, பாசம் புரிகிறது, ஆனால் அந்தப் பாசம்தான் அத்தாவைச் சீக்கிரம் கட்டிலில் உட்கார வைக்கும்.

உள்ளே என்ன நடக்கிறது

எழுபதுகளில் இருப்பவர்களுக்குக் கால் தசை ஆண்டுக்கு ஏறக்குறைய 1 சதவீதம் குறைகிறது. வலுவோ அதைப்போல மூன்று மடங்கு வேகத்தில் இறங்குகிறது. தசையின் அளவும் வலுவும் ஒன்றல்ல என்பது இதிலிருந்தே தெரியும். தண்டுவடத்திலிருந்து தசைக்கு வருகிற நரம்புகளில் சில காலப்போக்கில் அழிந்துபோகின்றன. வேகமாகச் சுருங்குகிற தசைநார்கள்தான் அதிகம் மெலிகின்றன. வாசற்படி தடுக்கும்போது சட்டென்று அடுத்த காலை முன்னால் போட்டுச் சமாளிக்கத் தேவைப்படுவது அந்த வேகமான நார்கள்தான். அதனால்தான் முன்பெல்லாம் தடுக்கினால் இரண்டு எட்டு ஓடி நின்றவர், இப்போது தடுக்கினால் அப்படியே விழுகிறார்.

இதற்குச் சார்கோபீனியா என்று 1980-களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் பெயர் வைத்தார். 2016-இல் அமெரிக்காவின் நோய்க் குறியீட்டுப் பட்டியலில் தனி நோயாகவே ஏறிவிட்டது. "வயசானா அப்படித்தான்" என்று தள்ளிவிடுகிற சமாசாரம் இல்லை. சுகர் இருந்தால் இது இன்னும் வேகமாகும்.

நம் ஊரில் அடிக்கடி கேட்கிற ஒரு பேச்சு உண்டு: "நாங்க அந்தக் காலத்துல கரைவலை இழுத்த உடம்பு, தீவுக்குப் போய் மரிக்கொழுந்துப் பாசியும் கஞ்சிப்பாசியும் முங்கி எடுத்த உடம்பு, எங்களுக்கு ஒண்ணும் ஆகாது." ஆகும். இளமையில் தசை அதிகம் சேர்த்தவர் சரிவை உயரத்திலிருந்து தொடங்குகிறார், அந்த மட்டுக்கும் லாபம். ஆனால் வேலையை நிறுத்திய நாளிலிருந்து தசை கரையத்தான் செய்யும். இதில் ஏமாற்றுவது கை. வலை இழுத்த கைப்பிடி வயதானாலும் இரும்பாக இருக்கும், கைகுலுக்கினால் நமக்கு வலிக்கும், அதைப் பார்த்துவிட்டு ஆள் திடம் என்று நினைத்துக்கொள்வோம். கீழே காலைப் பார்த்தால்தான் கதை தெரியும்.

முதலில் டேப்பை எடுங்கள்

எடை மெஷின் கொழுப்பையும் தசையையும் பிரித்துச் சொல்லாது. பத்து வருஷமாக அதே 62 கிலோ என்று பெருமைப்படுகிறவருக்குக் காலில் மூன்று கிலோ தசை போய், வயிற்றில் மூன்று கிலோ கொழுப்பு ஏறியிருக்கலாம். மெஷின் வாயைத் திறக்காது. தையல்காரர் டேப் ஒன்று போதும்.

நாற்காலியில் உட்கார்ந்து, பாதம் தரையில் பட, கெண்டைக்காலின் மிகத் தடிமனான இடத்தில் இறுக்காமல் சுற்றி அளங்கள். இரண்டு காலையும் அளந்து பெரிய அளவை எழுதுங்கள். ஆசிய நாடுகளின் சார்கோபீனியா நிபுணர் குழு 2019-இல் வைத்த எல்லைப்படி, ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 33 சென்டிமீட்டருக்கும் கீழே போனால் கவனிக்க வேண்டும். கால் வீக்கம், யானைக்கால் உள்ளவர்களுக்கு இந்த அளவு பொய் சொல்லும், அவர்கள் இதை விட்டுவிட்டு அடுத்த சோதனைக்குப் போகலாம்.

அப்புறம் வயிறு. தொப்புள் மட்டத்தில், மூச்சை விட்ட பிறகு. நம்மவர்களுக்கு ஆண்களில் 90, பெண்களில் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் அதிகம். கெண்டைக்கால் மெலிந்து வயிறு பெருத்திருந்தால், எடை எதைக் காட்டினாலும் அது மோசமான கூட்டு. அந்த ஆளிடம் "எடையைக் குறைங்க" என்று சொல்லி ஒரு வேளைச் சோற்றை நிறுத்துவது தப்பான வைத்தியம், கொழுப்போடு சேர்ந்து இருக்கிற தசையும் போய்விடும்.

ஜிம்மில் ஏறி நின்றதும் தசை எத்தனை சதவீதம் என்று அச்சடித்துக் கொடுக்கிற மெஷின் உடம்பின் நீர்ச்சத்தை வைத்துக் கணக்குப் போடுவது. வெயிலில் வியர்த்துவிட்டு ஏறினால் ஒரு எண், காலையில் ஏறினால் வேறு எண். துல்லியமாக வேண்டுமென்றால், எக்ஸ்ரே கதிரை வைத்து எலும்பு, கொழுப்பு, தசையைப் பிரித்து அளக்கிற டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு அதற்குச் செலவு செய்யத் தேவையில்லை.

காலை அளப்பது

ஏலம் முடிந்த நேரத்தில் கவிழ்த்த பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிற வயதான மீன்கார அம்மா ஒருவர் எழுந்திருப்பதைக் கவனியுங்கள். கூடையைப் பக்கத்தில் இழுத்து வைப்பார். இரண்டு பாதத்தையும் பின்னுக்கு இழுப்பார். வலது கையை முட்டியில் ஊன்றி, ஒரு தடவை முன்னால் ஆடி, அது போதாமல் மறுபடி ஆடி, "யம்மா" என்று எழுவார். எழுந்ததும் நடக்க மாட்டார், சேலையைச் சரிசெய்கிற மாதிரி இரண்டு மூன்று நொடி நிற்பார். தொடை செய்ய வேண்டிய வேலையைக் கையும் ஆட்டமும் செய்கின்றன. இதை அவர் உணர்ந்திருக்கக்கூட மாட்டார், ஏனென்றால் இந்த மாற்றம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது.

இதை எண்ணாக்குவதுதான் நாற்காலிச் சோதனை. கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி, உயரம் முட்டி மட்டம். பிளாஸ்டிக் நாற்காலி என்றால் முதுகு சுவரில் முட்டும்படி போட்டுத்தான் உட்கார வேண்டும், மணல் கிடக்கிற சிமெண்ட் தரையில் அது வழுக்கிக்கொண்டு போகும். இரண்டு கையையும் நெஞ்சில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, முடிந்த வேகத்தில் ஐந்து தடவை முழுசாக நிமிர்ந்து நின்று உட்கார வேண்டும். போனில் நேரம் பாருங்கள். 12 நொடி அல்லது அதற்கு மேல் ஆனால் வலு குறைந்திருக்கிறது. ஐந்து முடிக்கவே முடியவில்லை என்றாலும் பயப்பட வேண்டாம், எங்கிருந்து தொடங்குகிறோம் என்று தெரிந்துவிட்டது.

அடுத்தது நடை. வலைக்கயிற்றில் 6 மீட்டர் அளந்து, நம்ம கணக்கில் ஏறக்குறைய மூன்றேகால் பாகம் (இரண்டு கையையும் விரித்த நீளம் ஒரு பாகம்), தெருவில் இரண்டு கோடு போடுங்கள். முதல் கோட்டுக்கு நாலு எட்டு முன்பிருந்தே நடக்கத் தொடங்கி, கடைசிக் கோட்டைத் தாண்டியும் நடக்க வேண்டும், வழக்கமான வேகத்தில். இரண்டு கோட்டுக்கு நடுவில் 6 நொடிக்கு மேல் ஆனால், அதாவது நொடிக்கு ஒரு மீட்டருக்கும் குறைவாக இருந்தால், அதுவும் எச்சரிக்கை.

கடைசியாக நிலை. ஒரு பாதத்தின் குதிகால் இன்னொரு பாதத்தின் விரலைத் தொடும்படி நேர்க்கோட்டில் வைத்து 10 நொடி நிற்க முடிகிறதா? பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், தொடக்கூடாது. தேதி போட்டு எல்லாவற்றையும் காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள்.

கைப்பிடி வலுவை அளக்கும் கருவி பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கும். ஆண்களுக்கு 28 கிலோ, பெண்களுக்கு 18 கிலோவுக்குக் கீழே குறைவு. கிடைத்தால் அளக்கலாம், கிடைக்காவிட்டால் பரவாயில்லை.

யார் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும்

சமீபத்தில் மாரடைப்பு, நெஞ்சுவலி, அடங்காத பிரஷர், ஆறாத எலும்பு முறிவு, குடலிறக்கம், புதிதாகக் கண்புரை ஆபரேஷன், இதில் எது இருந்தாலும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முயற்சி இல்லாமலே ஆறு மாதத்தில், ஒரு வருஷத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் இறங்கியிருந்தால் பயிற்சி அப்புறம், காரணம் முதலில். காசநோய், தைராய்டு, கட்டுப்பாடில்லாத சுகர், புற்றுநோய் என்று எதுவாகவும் இருக்கலாம். எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது என்றால் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். பிரஷர் மாத்திரையும் தூக்க மாத்திரையும் பலரைத் தள்ளாட வைக்கின்றன. இன்சுலின் போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது.

பயிற்சி: தடைக்காலக் கணக்கு

1990-இல் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் மரியா ஃபியாட்டரோனே என்ற மருத்துவரும் குழுவினரும் தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேரைக் காலால் எடை தூக்க வைத்தார்கள், லேசாக இல்லை, கடினமாகவே. எட்டு வாரத்தில் அவர்களின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! இதைப் படித்த பிறகும் "எனக்கு எழுபத்திரண்டு ஆயிடுச்சு, இனிமே என்ன" என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை என்பது என் கட்சி.

எட்டு வாரம் என்பது 56 நாள். நம் கரையில் விசைப்படகுகளுக்கான மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். படகு கரையில், மகன் வீட்டில், பக்கத்தில் நின்று எண்ண ஆள் இருக்கிறது. தொடங்க இதைவிட நல்ல நேரம் எது? வெயில் மட்டும் கொடூரம், அதனால் காலை ஏழுக்குள், இல்லை மாலை ஐந்துக்கு மேல். வேறு மாதம் என்றாலும் தொடங்கலாம், தடைக்காலம் வரட்டும் என்று இதைத் தள்ளிப்போடும் சாக்காக்கிவிடாதீர்கள்.

வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். நடை மற்ற நாளில் நடக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் தாய் நாற்காலியில் எழுந்து உட்காருவது. முடியாதவர்கள் இருக்கையில் இரண்டு தலையணை போட்டு உயர்த்திக்கொள்ளுங்கள், கையையும் ஊன்றலாம். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும், அடக்கினால் பிரஷர் ஏறும். எழுவது வேகமாக, உட்காருவது மூன்று எண்ணும் வரை மெதுவாக. தொப்பென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பயிற்சி வீண். 8 முதல் 12 தடவை, இரண்டு நிமிடம் ஓய்வு, மறுபடி ஒரு சுற்று. கடைசி இரண்டு தடவை சிரமமாக இருக்க வேண்டும். இது முக்கியம், நிறையப் பேர் தவறவிடுவது இங்கேதான். சுலபமாகப் பன்னிரண்டும் முடிகிறது என்றால் அது இனிமேல் வலுப் பயிற்சி இல்லை. ஒரு தலையணையை எடுங்கள், அப்புறம் இன்னொன்றை, அப்புறம் கையை ஊன்றுவதை விடுங்கள், அதுவும் சுலபமானால் எடை சேருங்கள்.

எடைக்குக் கடையேற வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலில் காய்ந்த கடல்மணலை நிரப்பினால் ஏறக்குறைய ஒன்றரை கிலோ. இரண்டு பாட்டிலை மஞ்சப்பையில் போட்டு நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுந்து உட்காருங்கள்.

கூடவே திண்ணைப் படி. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு காலால் ஏறி, அதே காலால் இறங்குவது, ஒவ்வொரு காலுக்கும் பத்து. அதே கம்பியைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது, இறங்குவது. காலைப் பக்கவாட்டில் தூக்கி இறக்குவது. விழாமல் காப்பது பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டு இடுப்புத் தசைதான், ஆனால் யாரும் இதைக் கண்டுகொள்வதில்லை.

மேல் உடம்புக்கு ஒரு பழைய சைக்கிள் டியூபை ஜன்னல் கம்பியில் கட்டி, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து வயிற்றை நோக்கி இழுங்கள். கரைவலை இழுத்தவருக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம், உடம்புக்கே தெரியும். சுவரில் கையூன்றித் தள்ளுவது இன்னொன்று. அப்புறம் பாதியளவு தண்ணீர் ஊற்றிய இரண்டு வாளியை இரண்டு கையிலும் தொங்கவிட்டு முற்றத்தில் நடப்பது. இடுப்பில் ஒரு பக்கமாகக் குடம் வைப்பதைவிட இது முதுகுக்கு நல்லது. தள்ளுவண்டியில் குடத்தை அடுக்கித் தண்ணீர் பிடிக்கப் போகிற அம்மாச்சிகளுக்குப் பாதிப் பயிற்சி அதிலேயே நடந்துவிடுகிறது. வீட்டுக்குக் குழாய் வந்து அந்த வேலை நின்றால், நின்ற இடத்தை வேறு எதையாவது வைத்து நிரப்ப வேண்டும்.

நிலைப் பயிற்சி தினமும் செய்யலாம். அடுப்படி மேடையை ஒட்டி நின்று, முன்பின் பாதம் வைத்து நிற்பது, அப்புறம் ஒற்றைக்காலில், ஒரு விரல் மட்டும் மேடையில் பட. உலை கொதிக்கிற நேரம் போதும். தொழுகையில் நெற்றி தரையில் பட ஸஜ்தாவுக்குப் போய்க் கையூன்றாமல் எழுவதும் நல்ல பயிற்சிதான், முட்டி ஒத்துழைக்கிறவரை நாற்காலித் தொழுகைக்கு அவசரப்பட்டு மாறாதீர்கள்.

கடற்கரை மணலில் நடந்தால் கெட்டித் தரையைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும், நல்லதுதான். ஆனால் சுகரால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலோடு போகவே கூடாது. கிளிஞ்சலும் முள்ளும் குத்தியது தெரியாது, சுடுமணல் பொத்துப்போட்டதும் தெரியாது.

மறுநாள் தொடை கனக்கும், வலிக்கும், இரண்டு நாளில் போய்விடும், அது சரி. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினால் அந்தப் பயிற்சியைக் குறையுங்கள். நெஞ்சு இறுக்கினால் உட்கார்ந்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

முதல் நாலு வாரத்தில் வருகிற முன்னேற்றம் பெரும்பாலும் நரம்பு பழகுவதால் வருவது. தசை தடிக்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வேண்டும். அதனால் மூன்றாம் வாரமே டேப்பை எடுத்துக்கொண்டு உட்காராதீர்கள். நாற்காலி நொடி முதலில் இறங்கும், கெண்டைக்கால் பின்னால்தான் வரும், சிலருக்கு வராமலும் போகலாம், வலு கூடியிருந்தால் அது போதும்.

தட்டில் என்ன

கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறோம், புரதத்துக்கு என்ன குறை என்று நினைப்பீர்கள். வீட்டில் மீன் இருக்கிறது, பெரியவர் தட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். பல்லில்லை என்று குழம்பை மட்டும் ஊற்றிக்கொண்டு, நடுத்துண்டைப் பேரனுக்கு எடுத்து வைக்கிற அப்பத்தாக்கள்தான் அதிகம்.

முதியவர்களுக்குக் கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் தேவை என்பது நிபுணர்கள் சொல்வது. 55 கிலோ ஆளுக்கு 55 முதல் 66 கிராம். காலையில் மூன்று இட்லி, மதியம் சோறும் சின்ன மீன் துண்டும், சாயங்காலம் டீயும் பன்னும், ராத்திரி கஞ்சி என்று சாப்பிட்டால் 35 கிராம்கூடத் தேறாது. காலையில் இரண்டு முட்டை சேர்த்தால் 12 கிராம். மதியம் முள் நீக்கிய மீன் 100 கிராம் என்றால் 20 கிராம். சாயங்காலம் பன்னுக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல், ராத்திரி ஒரு டம்ளர் பால். கணக்கு நேராகிவிட்டது. மொத்தத்தையும் மதியத்தில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் பிரிப்பது நல்லது, வயதான தசை சின்ன அளவுப் புரதத்துக்கு அசைந்து கொடுக்காது.

பல்லில்லாதவர்களுக்குச் சுறாப்புட்டு இருக்கிறது, பஞ்சு மாதிரி. நெத்திலி, காரல் எல்லாம் விலை குறைவு, சத்தில் சீலாவுக்கு இளைத்ததில்லை. தடைக்காலத்தில் மீன் விலை ஏறினால் முட்டை, பருப்பு, வேர்க்கடலை. கருவாட்டில் புரதம் ஏராளம், உப்பும் ஏராளம், பிரஷர்காரர்கள் தொட்டுக்கொள்கிற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கிரியேட்டினின் கூடியிருக்கிறது, கிட்னியில் கோளாறு என்று சொல்லியிருந்தால் இந்தப் பகுதி உங்களுக்கில்லை, டாக்டர் சொல்கிற அளவுதான். டப்பா புரதப் பவுடரைப் பற்றிக் கேட்பார்கள்: வாய்க்கு எதுவும் பிடிக்காமல் மெலிந்தவருக்கு உதவும், மற்றவர்கள் அந்தக் காசுக்கு முட்டை வாங்கலாம். மாவு சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தால் தசை வராது.

விழுந்தால், படுத்தால்

2007-இல் வெளியான ஒரு ஆய்வில் ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களில் மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. ஒரு டெங்கு, ஒரு நிமோனியா வந்தால் நம் வீட்டில் பத்து நாள் படுக்கை என்பது சாதாரணம். அதனால் ஜுரம் இறங்கியதுமே கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு உட்காருவது, அடுத்த நாள் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்பது, அதற்கடுத்த நாள் கக்கூஸுக்கு நடந்தே போவது. பெட்பேன் வசதி என்று அதையே தொடராதீர்கள்.

தரையிலிருந்து எழுவதையும் நன்றாக இருக்கும்போதே பழகி வையுங்கள். விழுந்தால் உடனே யாரும் கையைப் பிடித்துத் தூக்கக்கூடாது, தோள்மூட்டு விலகும். முதலில் வலி எங்கே என்று பாருங்கள். இடுப்பில் வலித்துக் காலை அசைக்க முடியவில்லை என்றால் அப்படியே படுக்க வைத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். அப்படி இல்லை என்றால் ஒருக்களித்துப் புரண்டு, முழங்கை ஊன்றி, நாலு காலில் தவழ்ந்து நாற்காலிக்கு வந்து, இரண்டு கையையும் இருக்கையில் வைத்து, வலுவான காலை முன்னால் மடித்து ஊன்றி, தள்ளி எழுந்து, திரும்பி உட்கார வேண்டும். இரண்டு நிமிடம் கழித்துத்தான் நடை.

பக்கவாதம், இடுப்பு முறிவு என்று ஏற்கெனவே வீட்டோடு முடங்கியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையாளர் வீட்டுக்கே வருவார். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். மாத்திரை கொண்டுவந்து கொடுக்கிற பெண்ணிடம் சொன்னாலும் எழுதிக்கொள்வார். அவர்கள் வரும்போது காலண்டரில் எழுதிவைத்த அந்த நொடிக் கணக்கைக் காட்டுங்கள், எங்கிருந்து தொடங்குவது என்று பேச வசதியாக இருக்கும்.